டீசல் ஃபோர் பை ஃபோருக்கு ரீமேப்பா, டியூனிங் பாக்ஸா, இல்ல டிஃபரன்ஷியல் கியரா?

பிக்கப் பத்தல, ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மாத்தி எழுதுறது) பண்ணிடலாமான்னு யாரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், எங்க பத்தல? ஹைவேல லாரிய ஓவர்டேக் பண்றப்ப பத்தலன்னா அதுக்கு ஒரு மருந்து, பெரிய டயர் போட்டப்புறம் மேட்டுல திணறுதுன்னா அதுக்கு வேற மருந்து, பாறைல ஏறுறப்ப பத்தலன்னா அது இன்னொண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி நல்லா இழுத்துச்சு இப்ப இழுக்கலன்னா அதுக்கு ரீமேப் மருந்தே கிடையாது. இத எல்லாம் ஒரே கூடைல போட்டு "பவர் பத்தல"ன்னு சொல்றதுலதான் காசும் போகுது, சில நேரம் இன்ஜினும் போகுது. நான் இதுல ஒவ்வொண்ணா முயற்சி பண்ணிப் பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

என் வண்டி லேடர் ஃப்ரேம் டீசல், மேனுவல் கியர், லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்குறதுக்குன்னு இருக்குற தனி கியர்) உண்டு. வாங்குனப்ப இழுவைல ஒரு குறையும் தெரியல. அப்புறம் ஸ்டீல் பம்பர் வந்துச்சு, வின்ச் வந்துச்சு, மேல டென்ட், பின்னாடி டிராயர், 265/70 ஆர் 17 டயர எடுத்துட்டு 285/70 ஆர் 17, இப்படி ஒண்ணு ஒண்ணா ஏத்துனதுல எடை கூடுனதே தெரியாம கூடிருச்சு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் நெருங்குறப்ப, மூணாவது கியர்ல சாதாரணமா ஏறுன மேட்டுல ரெண்டாவதுக்கு இறங்க வேண்டியதாச்சு. நேரா ரீமேப்னு முடிவு பண்ணி ஒரு டியூனர் கிட்ட போய் நின்னேன். அவர் லேப்டாப்ல எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி வண்டிய ஓட்டி ஒரு லாக் (ஓடுறப்ப சென்சார் காட்டுறதோட பதிவு) எடுத்தார். இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேக்குற பூஸ்ட் (டர்போ காத்த அமுக்கித் தள்ளுற அழுத்தம்) ஒரு கோடு, டர்போ நிஜமா குடுக்குற பூஸ்ட் இன்னொரு கோடு, ரெண்டும் ஒட்டிக்கிட்டே போகணும், என் வண்டில 2200 ஆர்பிஎம் தாண்டுனதும் ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சு போச்சு. "தம்பி, ஓட்டப் பானைல தண்ணி ஊத்தச் சொல்றீங்க"ன்னார்.

இன்டர்கூலர்ல (டர்போவுல இருந்து வர்ற சூடான காத்த குளிர வைக்கிறது) இருந்து இன்டேக்குக்கு போற ரப்பர் ஹோஸ்ல, கிளாம்ப ஒட்டி, கீழ்ப்பக்கமா, விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். சும்மா பாத்தா தெரியாது, கையால மடக்குனாத்தான் வாய் திறக்கும். ஆனா அந்த இடத்துல மட்டும் ஆயில் கசிஞ்சு அதுமேல புழுதி படிஞ்சு கருப்பா பிசுபிசுன்னு ஒரு திட்டு இருந்துச்சு, நான் எத்தனையோ தடவ பானெட்ட திறந்தும் அதக் கவனிக்கல. ஹோஸ மாத்தி, பூஸ்ட் சென்சார்ல படிஞ்ச கரிய சுத்தம் பண்ணி, ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் புதுசு போட்டதும், போயிருந்த இழுவைல பெரும்பகுதி அன்னைக்கே திரும்பி வந்துருச்சு. அந்தக் கிழிசலோட மேப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னா, கேட்ட பூஸ்ட் கிடைக்கலையேன்னு டர்போ இன்னும் வேகமா சுத்தியிருக்கும், கொஞ்ச நாள்ல டர்போவையே மாத்த வேண்டியிருந்திருக்கும்.

அதனால என் கணக்குல முதல் ஆப்ஷன் ஸ்டாக் வண்டிய ஸ்டாக் மாதிரி ஓட வைக்கிறது. இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) கரி பிடிச்சு மூடாம இருக்கலாம், டர்போவுக்குள்ள இருக்குற வேரியபிள் வேன்கள் (நகருற சின்னத் தகடுகள்) கரியில சிக்கிக்கிட்டு நகராம இருக்கலாம், ஒரு இன்ஜெக்டர் மட்டும் சரியா அடிக்காம இருக்கலாம், டிபிஎஃப் (எக்ஸாஸ்ட்ல கரிய பிடிக்கிற ஃபில்டர்) அடைச்சிருக்கலாம், இல்ல ஒரு பிரேக் காலிபர் லேசா பிடிச்சுக்கிட்டு இருக்கலாம், நல்ல ஸ்கேனரும் பொறுமையான மெக்கானிக்கும் இருந்தா ஒரு நாள் வேலை. இதுக்கு அப்புறமும் பத்தலன்னா மத்தத யோசிங்க.

அடுத்து எல்லாரும் முதல்ல வாங்குற சாமான், ஆக்ஸிலேட்டர் பெடல் பாக்ஸ், நானும் வாங்குனேன். பெடல் சென்சாருக்கும் வயரிங்குக்கும் நடுவுல சொருகுறது, பத்து நிமிஷ வேலை. அது பண்றது என்னன்னா நீங்க 30 சதவீதம் மிதிச்சா இசியூ கிட்ட 50 சதவீதம்னு சொல்லும், அவ்வளவுதான். முழுசா மிதிச்சா ஸ்டாக்ல என்ன கிடைக்குமோ அதேதான், ஒரு குதிரைத்திறன் கூட கூடாது. முதல் நாள் வண்டி துள்ளுற மாதிரி இருந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு, ரெண்டாவது வாரம் பாறைல லோ ரேஞ்ச்ல ஏறுறப்ப தான் தப்பு புரிஞ்சுது, பெடல்ல கால் லேசா நடுங்குனா கூட வண்டி குதிக்குது, அந்த இடத்துல மில்லிமீட்டர் கணக்குல கட்டுப்பாடு வேணும். கழட்டிட்டேன். டவுன்ல ஓட்டுறப்ப பெடல் மந்தமா இருக்கேன்னு மட்டும் குறை இருக்குறவங்களுக்கு இது போதும், வேணும்னா மோட குறைச்சுக்கலாம், ஆனா இத பவர்னு நினைச்சு வாங்காதீங்க.

டியூனிங் பாக்ஸ் வேற கதை, இது நிஜமாவே டீசல கூட்டும். காமன் ரெயில் இன்ஜின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போறது) ரெயில் பிரஷர் சென்சார்னு ஒண்ணு இருக்கு, பாக்ஸ் அதுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு இசியூ கிட்ட பிரஷர கம்மியா காட்டும். பிரஷர் குறைஞ்சுருச்சுன்னு இசியூ நம்பி பம்ப இன்னும் அழுத்தச் சொல்லும், இன்ஜெக்டர் திறக்குற நேரம் அதேதான் ஆனா பின்னாடி இருக்குற அழுத்தம் கூட, அதனால டீசல் கூட உள்ள போகும். கேக்க அழகா இருக்கு, ஆனா இங்க ஒரு கணக்கு இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. ஒரு துவாரத்துல பாயுற அளவு அழுத்தத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். பிரஷர 10 சதவீதம் கூட்டுனா டீசல் கூடுறது 5 சதவீதம் பக்கம்தான். 20 சதவீதம் டீசல் கூட வேணும்னா பிரஷர் 44 சதவீதம் கூடணும். முழு லோடுல 1800 பார்ல ஓடுற சிஸ்டத்துல அது 2590 பார், அதுக்கு அந்தப் பம்பும் ரெயிலும் செஞ்சதே இல்ல, அதுக்கு முன்னாடியே ரிலீஃப் வால்வு திறந்துரும், இல்ல ஃபால்ட் கோட் விழுந்து வண்டி லிம்ப் மோடுக்கு (பவர குறைச்சு ஓடுற பாதுகாப்பு நிலை) போயிரும். ரெயில் பிரஷர மட்டும் ஏமாத்துற பாக்ஸ்ல நடு ஆர்பிஎம்ல கொஞ்சம் இழுவை கிடைக்கும், மேல போகப் போக ஒண்ணும் பெருசா இருக்காது.

பூஸ்ட் சென்சார், இன்ஜெக்டர் சிக்னல் எல்லாத்தையும் சேத்துப் பாக்குற நல்ல பாக்ஸ்களும் இருக்கு, அதெல்லாம் மோசம்னு சொல்ல மாட்டேன், கழட்டி வச்சுக்கலாம்ங்கிறதும் ஒரு வசதிதான். ஆனா எனக்கு மனசு ஒப்பாத விஷயம் ஒண்ணு, இன்ஜினோட மூளைக்கே பொய் சொல்லி வேலை வாங்குறது. இசியூவுக்கு நிஜம் தெரிஞ்சாத்தான் அது இன்ஜின காப்பாத்த முடியும்.

இதுல இன்னொண்ணு, பாக்ஸ் போட்டதும் மீட்டர்ல மைலேஜ் கூடிருச்சுன்னு சந்தோஷப்படுறவங்க நிறைய. இன்ஜெக்டர எவ்வளவு நேரம் என்ன பிரஷர்ல திறந்தோம்ங்கிறத வச்சுத்தான் இசியூ அந்தக் கணக்க போடுது, பிரஷரே பொய்னா மைலேஜும் பொய்தான். டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, திரும்ப ஃபுல் பண்ணி வகுத்துப் பாருங்க, ரீமேப் போட்டவங்களும் அப்படித்தான் பாக்கணும். அதே வேகத்துல அதே மாதிரி ஓட்டுனா பெருசா வித்தியாசம் வராது, கிடைச்ச பிக்கப்ப அனுபவிச்சு ஓட்டுனா மைலேஜ் குறையத்தான் செய்யும்.

இப்ப ரீமேப். மெக்கானிக்கல் பம்ப் காலத்துல பம்ப்ல இருக்குற ஸ்க்ரூவ திருகி டீசல கூட்டுவாங்க, புகை வந்தா கொஞ்சம் பின்னாடி திருகுவாங்க. கார்ல காமன் ரெயில் 1997ல ஆல்ஃபா ரோமியோ 156 மூலமா வந்துச்சு, அதோட இதெல்லாம் சாஃப்ட்வேர் ஆயிருச்சு. பெடல எவ்வளவு மிதிச்சா எவ்வளவு டார்க் (முறுக்குவிசை), அந்த டார்க்குக்கு எவ்வளவு டீசல், எப்ப அடிக்கணும், எவ்வளவு பூஸ்ட், இருக்குற காத்துக்கு புகை வராம அதிகபட்சம் எவ்வளவு டீசல், கியர்பாக்ஸ காப்பாத்த எங்க நிறுத்தணும், எல்லாம் இசியூக்குள்ள அட்டவணையா இருக்கு. ரீமேப்ங்கிறது அந்த அட்டவணைகள மாத்தி எழுதுறது. டர்போ டீசல்ல ஒழுங்கா பண்ணா 15ல இருந்து 25 சதவீதம் டார்க் கூடும், அதுவும் நாம தினமும் ஓட்டுற 1800, 2500 ஆர்பிஎம் நடுவுல கூடும். 2000 ஆர்பிஎம்ல 400 நியூட்டன் மீட்டர்னா 84 கிலோவாட், அத 480 ஆக்குனா 100 கிலோவாட். ஓவர்டேக்ல லாரி பக்கத்துல நிக்கிற நேரம் குறையுது, எனக்கு ரீமேப்ல பிடிச்சதே அதுதான்.

ஆனா ரீமேப்ங்கிற ஒரே பேர்ல ரெண்டு சாமான் விக்குது. ஒண்ணு ரெடிமேட் ஃபைல், எங்கயோ யாரோ அதே மாடலுக்கு எழுதுனத ஓபிடி போர்ட்ல (ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) சொருகி அரை மணி நேரத்துல ஏத்தி விட்டுருவாங்க. இன்னொண்ணு உங்க வண்டிய டைனோல (நின்ன இடத்துலயே சக்கரத்த சுத்த விட்டு பவர அளக்குற மெஷின்) ஏத்தி, ஓட்டி, லாக் பாத்து, மாத்தி, திரும்ப ஓட்டி எழுதுறது. நான் முதல்ல போட்டது ரெடிமேட், ஹோஸ் சரி பண்ணப்புறம் வேற ஒரு இடத்துல போட்டேன். ரோட்ல பிரமாதம், ஆனா மிதிச்சதும் பின்னாடி கருப்புப் புகை. டீசல் முழுசா எரிய எடைக்கணக்குல 14.5 பங்கு காத்து வேணும், ஆனா டீசல் இன்ஜின்ல காத்தும் எரிபொருளும் அவ்வளவு நல்லா கலக்காது, 18 பங்குக்கு கீழ போனாலே புகை கட்டும். புகைன்னா முழுசா எரியாத டீசல், அதுக்கு பவரும் கிடையாது, சூடு மட்டும்தான்.

அந்தச் சூட்ட நான் மணல்ல பாத்தேன். டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல டெம்பரேச்சர் கேஜ் மாட்டியிருந்தேன், இந்த ஒரு சாமானுக்கு செலவு பண்ணதுக்கு இன்னைக்கும் சந்தோஷப்படுறேன். இங்க ரொம்ப நேரம் 700, 750 டிகிரிய தாண்டி ஓட விடாதீங்கன்னு டீசல் டியூனருங்க பொதுவா சொல்லுவாங்க. ரோட்ல நாம முழுசா மிதிக்கிறது அஞ்சு பத்து செகண்டுதான், அதுக்குள்ள ஓவர்டேக் முடிஞ்சுரும், ஆனா நீளமான மணல் மேட்டுல ரெண்டு நிமிஷம் கால எடுக்க முடியாது, வேகமும் கம்மி, ரேடியேட்டருக்கு காத்தும் கம்மி. முள்ளு 650, 700, 740ன்னு ஏறிக்கிட்டே போச்சு, 780ல நான் பயந்து கால எடுத்தேன், வண்டி மேட்டுப் பாதியில நின்னுருச்சு. இறங்கி பானெட்ட திறந்தா முகத்துல அடிச்ச அனல் இன்னும் ஞாபகம் இருக்கு. பவர 20 சதவீதம் கூட்டுனா, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பமும் ரேடியேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் கூடுதலா போகும், ரேடியேட்டர் மட்டும் அதே சைஸ்தான். கார ரீமேப் பண்றதுக்கும் ஃபோர் பை ஃபோர ரீமேப் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதுலதான் இருக்கு, இத புரிஞ்ச டியூனர் கிட்ட மட்டும் குடுங்க.

உயரமான மலைக்கு போறவங்க இன்னொண்ணும் கேட்டுக்கணும். 4000 மீட்டர்ல காத்தழுத்தம் 62 கிலோபாஸ்கல் பக்கம்தான், கடல் மட்டத்துல 101. இன்டேக்ல 250 கிலோபாஸ்கல் வேணும்னா கீழ டர்போ ரெண்டரை மடங்கு அமுக்குனா போதும், அங்க நாலு மடங்கு அமுக்கணும், அதுக்கு அது எந்த வேகத்துல சுத்தும்னு யோசிங்க. கம்பெனி மேப்ல உயரத்துக்கு ஏத்த மாதிரி பூஸ்ட குறைக்கிற அட்டவணை இருக்கும். அதுல கை வச்சீங்களான்னு நேரடியா கேளுங்க, பதில் தடுமாறுனா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

கிளட்ச், கியர்பாக்ஸ் விஷயத்துல கம்பெனிகளே நமக்கு குறிப்பு குடுத்து வச்சிருக்காங்க. டொயோட்டா ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ்ல இருக்குற 2.8 லிட்டர் இன்ஜின் ரெண்டுலயும் 204 பிஎஸ் (குதிரைத்திறன்)தான், ஆனா ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர், மேனுவல்ல 420. மஹிந்திரா ஸ்கார்பியோ என் 175 பிஎஸ் டீசல்லயும் ஆட்டோமேட்டிக் 400, மேனுவல் 370. ஒரே இன்ஜின்ல இப்படி பிரிச்சு வச்சிருக்காங்கன்னா மேனுவல் பக்கம் இருக்குற கிளட்ச்சும் பெட்டியும்தான் காரணம்னு நான் எடுத்துக்குறேன். லேண்ட் க்ரூயிசர் 70ல வந்த 4.5 லிட்டர் வி8 டீசல் வெறும் 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர், கூட்ட எவ்வளவோ இடம் இருக்கு, ஆனா மேப் போட்டவங்க அடுத்து பேசுறது கிளட்ச் ஸ்லிப் பத்திதான். அதனால மேனுவல் வண்டில பட்ஜெட் போடுறப்பவே ஹெவி ட்யூட்டி கிளட்ச்சையும் சேத்து போடுங்க.

ஆட்டோமேட்டிக்ல ஆபத்து வேற மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. இப்ப நான் இவ்வளவு டார்க் குடுக்குறேன்னு இசியூ கியர்பாக்ஸுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும், பெட்டி அத நம்பித்தான் உள்ள கிளட்ச் பேக்க எவ்வளவு அழுத்திப் பிடிக்கணும்னு முடிவு பண்ணும். குறுக்கு வழியில எழுதுன மேப்ல இன்ஜின் 500 குடுக்குறப்ப இசியூ 400னு நினைச்சுக்கிட்டு இருக்கும், பெட்டியும் 400க்கு உண்டான பிடிதான் பிடிக்கும், உள்ள மெதுவா வழுக்கி வழுக்கி ஆயில் கருகும். ரெயில் பிரஷர் பாக்ஸ்லயும் இதே பிரச்சினைதான். ஆட்டோமேட்டிக் வச்சிருந்தா டார்க் கணக்கு சரியா வர்ற மாதிரி எழுதுற ஆளும், தேவைப்பட்டா கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரையும் சேத்து தொடத் தெரிஞ்ச ஆளும் வேணும்.

பெரிய டயர் போட்டவங்களுக்கு நான் சொல்றது இது எதுவும் இல்ல, டிஃபரன்ஷியல்ல (அச்சு நடுவுல இருக்குற கியர் பெட்டி) கிரவுன் பினியன் கியர் செட்ட மாத்துங்கன்னுதான். எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் 31.6 இன்ச் டயர்ல இருந்து 35 இன்ச்சுக்கு போனார், கிட்டத்தட்ட 10 சதவீதம் இழுவை அங்கயே போச்சு, ஒவ்வொரு கியரும் நீளமாயிருச்சு. ரீமேப் போட்டு ஈடு கட்டப் பாத்தார், இழுத்துச்சு, ஆனா கீழ் ஆர்பிஎம்ல திணறல் அப்படியே இருந்துச்சு, ஏன்னா டர்போ ஊதவே ஆரம்பிக்காத இடத்துல மேப் என்ன பண்ணும். கடைசில 3.9 விகிதத்த எடுத்துட்டு 4.3 போட்டார், போனது கிட்டத்தட்ட முழுசா திரும்பி வந்துச்சு, இன்ஜின்ல ஒரு சொட்டு டீசல் கூட்டாம, ஒரு டிகிரி சூடு ஏத்தாம. முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃபரன்ஷியலயும் ஒரே விகிதத்துக்கு மாத்தணும், செட்டிங் தெரிஞ்ச கை வேணும், செலவும் கூடத்தான், ஆனாலும் 33 இன்ச்ச தாண்டுனா இதுதான் சரி. என்னுது 803 மில்லிமீட்டர் உயரத்துல இருந்து 831க்குத்தான் போச்சு, மூணரை சதவீதம், அதுக்கு கியர் மாத்த வேண்டியதில்லன்னு விட்டுட்டேன்.

பாறையும் செங்குத்து மேடும்தான் உங்க ஆசைன்னா லோ ரேஞ்ச பாருங்க. ஹைலக்ஸ்ல லோ போட்டா டார்க் 2.566 மடங்கு பெருகுது, ரேங்ளர் ரூபிகான்ல 4 மடங்கு. அங்க ரீமேப்ல வர்ற 20 சதவீதம் கணக்குலயே வராது, டிஃப் லாக்குக்கும் (ஒரே அச்சுல ரெண்டு சக்கரத்தையும் சேந்தே சுத்த வைக்கிறது) நல்ல டயருக்கும் அந்தக் காசு போகட்டும்.

இன்டர்கூலர் பெருசு பண்றது தனியா பவர் தராது, ஆனா மேப்போட சேந்தா அருமையான ஜோடி. உள்ள போற காத்து 80 டிகிரில இருந்து 50க்கு இறங்குனா அடர்த்தி 9 சதவீதம் பக்கம் கூடும், அதே டீசலுக்கு புகையும் குறையும் எக்ஸாஸ்ட் சூடும் குறையும். அடிக்கடி மணலுக்கு போறவங்க, டிரெய்லர் இழுக்குறவங்க மேப்புக்கு முன்னாடியே இத யோசிக்கலாம்.

டிபிஎஃப் கழட்டுறது, இஜிஆர் அடைக்கிறது, இத சேத்துப் பண்ணா இன்னும் பவர்னு சொல்லுவாங்க. நான் பண்ணல, பண்ணவும் மாட்டேன். பல நாட்டுல சட்டப்படி தப்பு, டெஸ்ட்ல வண்டி நிக்கும், இன்ஷூரன்ஸ்காரங்க கேள்வி கேப்பாங்க, அது போக நம்ம பின்னாடி பைக்ல வர்றவங்க மூச்சுல போறது நம்ம கரி. அந்த ரெண்டையும் வச்சுக்கிட்டே 15 சதவீதம் தாராளமா எடுக்கலாம். வாரண்டி இருக்குற வண்டின்னா முடியுற வரைக்கும் பொறுங்க, திரும்ப ஸ்டாக் ஃபைல் ஏத்திட்டா தெரியாதுன்னு நம்பாதீங்க, எத்தனை தடவ எழுதுனாங்கன்னு எண்ணி வைக்கிற இசியூக்கள் இருக்கு, சாஃப்ட்வேர் மாறியிருக்கான்னு ஸ்கேனர்ல ஒரு நம்பர் பாத்தாலே தெரிஞ்சுரும்.

கடைசில நான் நின்ன இடம், டைனோல எழுதுன மேப், 320ல இருந்து 370 நியூட்டன் மீட்டர், அதுவும் 1800 ஆர்பிஎம்முக்கு மேலதான், அதுக்கு கீழ ஸ்டாக் மாதிரியே விடச் சொன்னேன், கீழயே ஒரேடியா டார்க்க கொட்டுனா அடி வாங்குறது டூயல் மாஸ் ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும்தான். 400 எடுக்கலாம்னு டியூனர் சொன்னார், வேண்டாம்னேன். அதே மணல்ல இப்ப முள்ளு 690 பக்கம் நிக்குது. ஃபைல் ஏத்துறப்ப பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் மாட்டியிருந்தார், நடுவுல வோல்டேஜ் இறங்குனா இசியூவே செத்துரும், அத மாட்டாம ஏத்துற இடத்துல நிக்காதீங்க. ஸ்டாக் ஃபைல், புது ஃபைல் ரெண்டோட காப்பியும், முன்ன பின்ன எடுத்த டைனோ ஷீட்டும் கேட்டு வாங்கிக்கோங்க. சர்வீஸ்ல சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணா உங்க மேப் அழிஞ்சுரும், வண்டிய விடுறப்பவே அப்டேட் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க.

மேப்புக்கு முன்னாடி ஒரு தடவ, போட்டப்புறம் ஒரு தடவ, காலியான ரோட்ல இத பாருங்க. நாலாவது கியர்ல 1800 ஆர்பிஎம்ல இருந்து முழுசா மிதிங்க, ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடோ முள்ளும் கைகோத்த மாதிரி சேந்தே ஏறணும். ஆர்பிஎம் மட்டும் துள்ளி மேல போய் வேகம் கூடலன்னா கிளட்ச் வழுக்குது, மேப்புக்கு முன்னாடியே அப்படி இருந்தா டியூனர் கிட்ட போகாதீங்க, கிளட்ச்ச மாத்திட்டு வாங்க.